சுவர் நடுவே ஒரு புள்ளி

சேதியக்காவுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். மற்ற நாளில் "என்னப்பா" என்று கூப்பிடுகிற ஆளை அன்றைக்கு "சொல்லுங்க சார்" என்பாள். இது தெரியாதவர்கள், இந்தப் பெண்ணுக்குக் கோபமே வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். தெரிந்தவள் அவளுடைய மாமியார் ஒருத்திதான். "அத்தை, தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன்" என்று மருமகள் சொல்லிவிட்டால், அந்த அம்மாள் தள்ளி உட்கார மாட்டாள். எழுந்து பக்கத்து அறைக்கே போய்விடுவாள்.

சேதியக்கா என்ற பெயர் செய்திமடலால் வந்தது. வரைபடம் வரைகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஓர் அறைதான் சங்கம். இரண்டு கணினி, தட்டினால் மட்டும் சுற்றும் மின்விசிறி, மூலையில் யாரும் வாங்கிப் போகாத சுருட்டி வைத்த பழைய வரைபடங்கள். கீழே டயருக்குக் காற்றடிக்கும்போது தரை லேசாக அதிரும். அந்த அறையிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் அவள் செய்திமடலை அனுப்புவாள். எந்த நிறுவனம் புது சேட்டிலைட் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது, எங்கே ட்ரோன் பயிற்சி, எது இணையவழிப் படிப்பு, எதற்கு உதவித்தொகை, எங்கே ஆள் எடுக்கிறார்கள், கடைசித் தேதி என்ன என்று எல்லாம் அதில் இருக்கும். படிக்கிறவர்கள் பெரும்பாலும் கோடு போடுகிறவர்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து வைத்து, வீடு வீடாக, தெருத் தெருவாக வரைந்து உட்கார்ந்திருப்பவர்கள். கைப்பேசியில் வழி பார்த்துப் போகிறவர்களுக்கு, அந்த வழியை யாரோ முதுகு வலிக்க உட்கார்ந்து வரைந்தார்கள் என்பது தெரியாது.

அவளுடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்கு வரைபடத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. "உங்க மேப்புல நம்ம சந்தே இல்ல. நாம என்ன தினமும் பறந்தா வந்து இறங்கறோம்?" என்பார்.

"மரம் மறைச்சிருக்கு. மரத்தை வெட்டுங்க, சந்தைக் காட்டறேன்" என்பாள் அவள்.

இப்படி வீட்டில் வாய் பேசுகிறவள்தான். வெளியே தலையைக் குனிந்துகொண்டு போவாள். ஆனால் அந்தத் தலைக்குள் ஓர் ஆள் வெகுகாலமாக உட்கார்ந்திருந்தார். அவரை நினைத்துக் கறுவாத நாள் அவளுக்குக் குறைவு.

அந்த ஆளை எல்லோரும் ஜூம் சார் என்பார்கள். அவள் முதலில் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர்தான் தலைமை. யார் முதுகுக்குப் பின்னாலாவது வந்து நிற்பார். "ஜூம் பண்ணு. இன்னும் ஜூம் பண்ணு" என்பார். அவர் சொல்கிறபடி பெரிதாக்கிக்கொண்டே போனால் வீடு மறைந்து வெறும் கலர் கட்டங்கள்தான் தெரியும். "இன்னும் கொஞ்சம் போனா மாடியில காயற துணியோட கிழிசல் தெரியும் சார்" என்று அவள் ஒருமுறை வாய்க்குள் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. டீ வந்தால் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் குடிப்பார். அதனால்தான் அவர் செய்தது அவளுக்கு அவ்வளவு ஆழமாகப் போய் இறங்கியது.

அந்த வருஷம் மலைப்பகுதியில் ஒரு பயிற்சி அறிவித்தார்கள். மண் எங்கே சரியும் என்று சேட்டிலைட் படத்தில் பார்த்து, நேரிலும் நடந்து பார்த்து, இரண்டையும் சேர்த்து வரைபடமாக்கும் படிப்பு. முடித்தவர்களை நல்ல நல்ல இடங்களிலிருந்து வரிசையில் நின்று கூப்பிடுவார்கள். அவள் விண்ணப்பித்தாள். மகள் அப்போது கைக்குழந்தை.

"போய்ட்டு வா. குழந்தை என் மடியில கிடக்கட்டும். உன் புருஷனையும் நான்தான் வளர்த்தேன், என்ன கெட்டுப் போச்சு?" என்றாள் மாமியார்.

"கொஞ்சம் கெட்டுத்தான் அத்தை போயிருக்கு."

வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். புதிதாக ஒரு பால் புட்டிகூட வாங்கியாயிற்று.

தேர்வுக் குழுவிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தபோது அவள் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஜூம் சார் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"நல்ல பொண்ணுதான் சார். கை சுத்தம். ஆனா கைக்குழந்தை இருக்கு பாருங்க, மலையெல்லாம் எப்படி ஏறும்? பாதியில திரும்பி வந்துட்டா எங்க ஆபீசுக்குத்தான் கெட்ட பேரு. வேற யாராவது ஆம்பளைப் பையனாப் பாருங்களேன்."

போனை வைத்துவிட்டு எழுந்தவர் அவளைப் பார்த்துவிட்டார். கொஞ்சமும் கூசவில்லை. "கேட்டுட்டியா? நல்லதாப் போச்சு. உன் நல்லதுக்குத்தான்மா சொன்னேன். குழந்தைதான் முக்கியம்."

"சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்" என்றாள் அவள். அந்த நன்றியை அவர் நிஜம் என்று எடுத்துக்கொண்டார்.

மாமியார்தான் வீட்டில் குதித்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டானா அவன்? நான் என்ன செத்தா போயிட்டேன்?" அந்தப் பால் புட்டியை அன்றைக்கே எடுத்துப் பரணில் போட்டாள். அவளுக்கும் அது தனிக் கோபமாகவே தங்கிவிட்டது. மருமகளும் மாமியாரும் மற்ற எதில் முட்டிக்கொண்டாலும் ஜூம் சாரைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்துகொள்வார்கள்.

அவள் சீக்கிரமே அந்த வேலையை விட்டுவிட்டுச் சங்கத்துக்கு வந்தாள். செய்திமடல் தொடங்கியது அங்கேதான். அதுவரை படிப்பு, பயிற்சி என்று எது வந்தாலும் முதலில் தலைமையின் மேஜைக்குப் போகும். அவர் படிப்பார், மடிப்பார், இழுப்பறையில் போடுவார், தனக்குப் பிடித்தவரைக் கூப்பிட்டுச் சொல்வார். இனி எந்த ஜூம் சாரும் நடுவில் நிற்கக் கூடாது, கோடு போடுகிற கடைசி ஆளுக்கும் அதே நிமிஷத்தில் சேதி போக வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஊருக்கு நல்லது செய்கிறாள் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அவள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த இழுப்பறையை நினைத்துக்கொண்டுதான் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். கொடுமை என்னவென்றால், ஜூம் சாரும் செய்திமடல் பெறுகிறவர் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தார். அவ்வப்போது போன் செய்து, "பிரமாதம்மா, நான் வளர்த்த பொண்ணு" என்பார். "ரொம்ப நன்றிங்க சார்" என்பாள்.

இப்படியே காலம் போய், மகள் கல்லூரிக்கும் போய்விட்டாள். அப்போதுதான் கணினி தானாகவே வரைய ஆரம்பித்தது. ஊர் முழுவதையும் ஒரு மூச்சில் வரைந்து தள்ளிவிடும். ஆனால் நிறுத்தி வைத்த லாரியை வீடு என்று வரையும், மர நிழலைக் குளம் என்று சொல்லும். அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும். அதற்கென்று ஒரு படிப்பு வந்தது. இந்தப் படிப்பு முடித்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவோம் என்று அலுவலகங்கள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டன. செய்திமடலில் அந்த அறிவிப்பைப் போட்ட அன்றே போன்கள் ஆரம்பித்தன.

முதலில் கூப்பிட்டது கொசு. ஜூம் சாரின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். ஆள் சின்னது, குரல் மெல்லிசு, காதை விட்டுப் போகாது. அதனால் அந்தப் பெயர். திங்கட்கிழமை தவறாமல் கூப்பிடுவாள்.

"அக்கா, இதுல நான் போட்டா கிடைக்குமா? கிடைக்கும்னு சொல்லுங்க, அப்பத்தான் போடுவேன்."

"போடுடி முதல்ல. போடாம எப்படிக் கிடைக்கும்?"

"எங்க வீட்டுல நான் ஒருத்திதான் அக்கா சம்பாதிக்கறேன். வேலை போச்சுன்னா அண்ணன் வீட்டுல போய் அண்ணிகிட்ட தட்டு நீட்டணும். அண்ணி சோத்தை அளந்து போடற ஆளு."

"அப்ப ராத்திரி பகலா உட்கார்ந்து படி."

அடுத்து ஜூம் சார் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "ஏம்மா, இதுக்கு வயசு வரம்பு ஏதாவது இருக்கா? எங்க ஆபீஸ்ல என்னையும் கிளப்பப் பார்க்கறாங்க. இன்னும் கொஞ்ச காலம் ஓட்டணும், பொண்ணு கல்யாணம் நிக்குது."

"வயசு வரம்பே இல்லைங்க சார். தாராளமா போடுங்க சார். நீங்க போடலைன்னா எப்படிங்க?"

அவள் அவரைச் சும்மா போடச் சொல்லவில்லை. காரணம் இதுதான். அந்தப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு ஒன்று, அதோடு கட்டத் தேர்வு ஒன்று. ஒவ்வொருவருக்கும் சேட்டிலைட் படத்தில் ஒரு கட்டத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்குள் இருக்கிற வீடு, தெரு, தொட்டி எல்லாவற்றையும் வரைந்து அனுப்ப வேண்டும். பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். கட்டங்களைத் திருத்த வர முடியுமா என்று சேதியக்காவை படிப்பை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் மேடம் முன்பே கேட்டிருந்தார். வேலை அதிகம், இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தாள். ஜூம் சார் பேசி முடித்த கையோடு மேடத்தைக் கூப்பிட்டு, "நான் திருத்தறேன் மேடம்" என்றாள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன? ஜூம் சாரின் கையை அவளுக்குத் தெரியும். நீளமான சுவரை வரையும்போது எல்லோரும் ஒரு மூலையில் புள்ளி வைத்து, அடுத்த மூலையில் வைப்பார்கள். அவர் நடுவில் ஒன்று வைப்பார், தேவையே இல்லாமல், மூச்சு வாங்க நின்றது போல. அவள் அங்கே வேலை பார்த்த காலத்தில் அவர் ஒருவர்தான் அப்படி.

பதினேழாம் எண் கட்டத்தைத் திறந்ததும் கிடங்குச் சுவரின் நடுவில் அந்தப் புள்ளி உட்கார்ந்திருந்தது. அடுத்த சுவரிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

கட்டம் மோசமில்லை. தெருக்கள் சரி, தொட்டிகள் சரி. உயரமான கட்டடங்களில்தான் சில இடத்தில் தவறியிருந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் உயரக் கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும். கூரை ஓரிடம், அடித்தளம் ஓரிடம். கூரையைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, அந்தக் கோட்டை அப்படியே இழுத்து அடித்தளத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இழுக்க மறந்தால் கட்டடம் தெருவுக்கு வந்து நிற்கும். இதில் சில கட்டடங்கள் தெருவுக்கு வந்திருந்தன. படமும் மங்கல்தான். இப்படிப்பட்டதை மன்னிப்பதும் மன்னிக்காததும் திருத்துகிறவர் கையில் இருந்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் அவள் மன்னித்திருப்பாள். அன்றைக்கு ஒவ்வொன்றாகக் குத்திக் குத்திச் சிவப்புப் போட்டாள். தேர்ச்சிக்குக் கீழே இறங்கும்வரை போட்டாள். குறிப்பு எழுதும் இடத்தில், 'கூரைக்கும் தரைக்கும் வித்தியாசம் தெரியாதவர். இனித் திருத்த முடியாத பழக்கங்கள். இந்தப் படிப்புக்கு ஏற்றவர் அல்ல' என்று எழுதினாள். எழுதிவிட்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். இனித்தது.

அதே கையோடு திருத்திய இன்னொரு கட்டம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஒரு கோடு கூடுதல் இல்லை, ஒரு கோடு குறைவு இல்லை. இது கொசுவுடையதுதான் என்று அவள் மனசு சொன்னது. 'சுத்தமான கை. மற்றவர்கள் பார்த்துக் கற்கலாம்' என்று எழுதி, தாராளமாக மதிப்பெண் போட்டாள்.

வீட்டுக்குப் போய் மாமியாரிடம் சொன்னாள். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சிவப்பு மையா?" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல மை எங்க அத்தை? சிவப்புக் கலரு."

"எதுவோ. நல்லா அழுத்திப் போட்டியா?"

"நல்லா அழுத்தி."

அந்த அம்மாள் இன்னொரு தடவை சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்காரர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பேரே இல்லாத ஒண்ணை வெச்சு ஆளை எப்படி அடிச்சு சொல்ற?"

"உங்க வேன் சத்தம் தெருமுனையில வரும்போதே எனக்குத் தெரியுதுல்ல, அப்படித்தான்."

"போன வாரம் வேற வேன் சத்தத்துக்கு வந்து கதவைத் திறந்தியே."

"சாப்பிட்டாச்சுன்னா எழுந்திருங்களேன், தயவுசெஞ்சு" என்றாள். மாமியார் மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, அவர் எழுந்துவிட்டார்.

தேர்வானவர்களின் பெயர்களைச் செய்திமடலில் போடுவதற்காக மேடம் சங்கத்துக்கு அனுப்பினார். சேதியக்கா மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். கொசுவின் பெயரைக் காணோம். திரும்பவும் பார்த்தாள். கடைசி இடத்தில் ஜூம் சாரின் பெயர் இருந்தது.

கீழே டயருக்குக் காற்றடித்தார்கள். தரை அதிர்ந்ததா அவள் அதிர்ந்தாளா என்று சொல்ல முடியவில்லை. அப்போதுதான் கொசுவின் போன் வந்தது.

"அக்கா, வரலை அக்கா." அழுது அழுது மூக்கடைத்த குரல். "எழுத்துல நல்ல மார்க்கு. கட்டத்துலதான் கீழ தள்ளிட்டாங்க."

"உன் நம்பர் என்ன?"

"பதினேழு."

"சுவர் நடுவுல எதுக்குடி புள்ளி வெச்ச?" என்று சேதியக்கா கேட்டேவிட்டாள்.

அந்தப் புள்ளியைப் பற்றி அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிற நிலையில் கொசு இல்லை. "எங்க ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் அக்கா. பின்னாடி திருத்த வசதியா இருக்கும்னு ஜூம் சார் சொல்லிக் கொடுத்தது. புள்ளி வெக்கலைன்னா திட்டுவாரு. அதுக்கா தள்ளினாங்க? இனித் திருத்த முடியாத பழக்கம்னு எழுதியிருக்காங்க. நான் இப்பத்தானே அக்கா வேலைக்கே வந்தேன், அதுக்குள்ள திருத்த முடியாத பழக்கமா? யாரு அக்கா இப்படி எழுதினது? நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்."

"கேட்டுச் சொல்றேன்" என்றாள் சேதியக்கா.

திங்கட்கிழமைக்கு முன்பே ஜூம் சார் படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார். உட்காருங்க சார்."

"உன் செய்திமடல்தான்மா என்னைக் காப்பாத்தினது. போன வருஷம் ஒரு ஆன்லைன் கிளாஸ் போட்டிருந்தியே, அதுல சேர்ந்தேன். சொல்லித்தர்றவன் என் பொண்ணை விடச் சின்னவன். 'அங்கிள், எதுக்கு இந்த நடுப் புள்ளி'ன்னான். எனக்கே பதில் தெரியலை. அன்னியிலேர்ந்து விட்டுட்டேன். எழுத்துத் தேர்வு சுமார்தான், கட்டம்தான் என்னைத் தூக்கி விட்டுது. இப்பப் பாரு, என்ன எழுதியிருக்காங்கன்னு." கைப்பேசியை நீட்டினார். 'சுத்தமான கை. மற்றவர்கள் பார்த்துக் கற்கலாம்.' "எழுதின கைக்கு மோதிரம் போடணும்மா."

அவள் அதைப் படித்தாள். தன்னுடைய வார்த்தைதான்.

"நீங்க விட்டுட்டீங்க சரி. உங்க ஆபீஸ் பசங்ககிட்ட விடச் சொன்னீங்களா சார்?"

"அதெப்படிம்மா? நானே சொல்லிக் கொடுத்துட்டு, நானே தப்புன்னா என்ன மரியாதை இருக்கும்? அதுங்க வெச்சுட்டுப் போகட்டும், அதனால என்ன?"

அவள் கைப்பேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "மலைப் பயிற்சி ஒண்ணு வந்ததே, ஞாபகம் இருக்காங்க சார்?" என்றாள்.

"இல்லாம என்ன? நான்தானே வேண்டாம்னு சொன்னேன்."

"எங்க அத்தை குழந்தையைப் பார்த்துக்கறேன்னு சொல்லியிருந்தாங்க."

"எல்லா மாமியாரும் சொல்லுவாங்க. ரெண்டாம் நாள் இடுப்பு வலிம்பாங்க. இப்ப வந்து கேட்டாலும் அதைத்தான்மா சொல்லுவேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"கேட்டா போறேன்னுதானே சொல்லுவ?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் எழுந்து, தானாக நின்றுபோயிருந்த மின்விசிறியைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதினேழாம் எண் யாருடையது, அதை யாருடையது என்று நினைத்துத் திருத்தினாள், எதற்காகத் திருத்தினாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'சார்' போட்டாள். "நான் மேடத்துக்கு எழுதப் போறேன் சார். அந்தப் பொண்ணுக்குச் சரியான மார்க்கு போட்டா அது உங்களை விட மேல போயிடும். கடைசி சீட்டு உங்களுது."

ஜூம் சாரின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. "இரு, இரு. தப்புப் பண்ணினது நீ. போறது என் சீட்டா?"

"ஆமாங்க சார்."

"என் கட்டத்துல ஏதாவது குறை இருக்கா?"

"ஒரு குறையும் இல்லைங்க சார்."

"அப்புறம் என்ன நியாயம்மா இது? யாருக்குத் தெரியப் போகுது? சொன்னா உனக்குத்தான் அசிங்கம், இந்த வேலையும் போகும். அது சின்னப் பொண்ணு, அடுத்த தடவை போயிக்கும். அவ நல்லதுக்கும்..." அங்கே நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாரா, அவருக்கே ஏதோ உறைத்ததா, தெரியாது. எழுந்து கைப்பேசியைப் பைக்குள் போடப் பார்த்தார். இரண்டு தடவை பைக்கு வெளியே போனது.

"படி பார்த்து இறங்குங்க சார். ஒரு படி உடைஞ்சிருக்கு."

அவருடைய மகளின் கல்யாணம் அவள் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. வந்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. அவர் ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தத்தைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். கொசுவுக்காகச் சொல்கிறாளா, இந்தச் சத்தத்துக்காகச் சொல்கிறாளா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

அவள் எழுதியதைப் படித்துவிட்டு மேடம் கூப்பிட்டார். போனில் கத்தவில்லை. அதுவே மோசமாக இருந்தது. "யாரோட கட்டம்னு நினைச்சு இப்படித் திருத்தினீங்க?"

"அது யாரா இருந்தாலும் தப்புதான் மேடம். பேர் வேண்டாம்."

"இனிமே நீங்க திருத்த வேண்டாம். செய்திமடல் உங்ககிட்ட இருக்கணுமான்னு சங்கம் முடிவு பண்ணட்டும். பதினேழை நானே திருத்தறேன்."

சங்கம் முடிவு பண்ணிவிட்டது. இந்தத் திங்கட்கிழமையோடு சரி, அடுத்ததிலிருந்து வேறொருவர் பார்த்துக்கொள்வார். மாமியாரிடம் சொன்னபோது அந்த அம்மாள் முதலில் கேட்டது, "அவன் சீட்டு போச்சுல்ல?" என்பதுதான். போயிற்று என்றதும் பெருமூச்சு விட்டாள். அப்புறம் மெதுவாக, "உன்னுதும் போச்சே" என்றாள். மறுநாள் காலை வீட்டுக்காரர் வேனில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால், அவளைச் சங்கத்து வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அந்த வழி அவருக்குச் சுற்று.

கடைசி செய்திமடலை அவள் வழக்கம்போல் எழுதினாள். திறந்துவிட்ட புதுப் படங்கள், ஒரு ட்ரோன் பட்டறை, இரண்டு வேலை, ஓர் உதவித்தொகை. அதன் கீழே திருத்தம்: 'பதினேழாம் எண் கட்டத்தைத் தவறாகத் திருத்தியது நான். திருத்திய பட்டியல் கீழே.' தன் பெயரைப் போட்டாள். கடைசி இடத்திலிருந்த பெயரை எடுத்தாள், கொசுவின் பெயரை அதற்குரிய இடத்தில் சேர்த்தாள். பெறுகிறவர் பட்டியலில் ஜூம் சாரின் முகவரி இருந்தது. அதை எடுக்கவில்லை. அவர் படிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"அக்கா." மெல்லிசுக் குரல் இன்னும் மெல்லிசாகியிருந்தது. "எழுதினது நீங்களா?"

"ஆமா."

"ஏன் அக்கா?"

"ஜூம் சாரோடதுன்னு நினைச்சுட்டேன்."

கொசு கேட்டாள்: "சாரோடதா இருந்திருந்தா, அது சரியா அக்கா?"

இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் அதைத்தான் எதிர்பார்த்தாள், அதைக் கேட்டிருந்தால் மன்னித்தும் இருப்பாள்.

"சரியில்லை. ஆனா அவரோடதா இருந்திருந்தா நான் இப்ப சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் சேதியக்கா.

"வகுப்பு என்னைக்கு ஆரம்பம்?" என்று கேட்டாள் கொசு. அவள் தேதியைச் சொன்னாள். கொசு "சரிங்க" என்றாள். எப்போதும் சொல்கிற 'அக்கா' அதோடு வரவில்லை. போனை வைத்துவிட்டாள்.